பள்ளிக்கூட வாசலோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியைக் கூடத் தட்டாமல் வந்திருக்கும் மில் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். நாற்று நட்ட காலைக் கழுவிவிட்டு நேரே வந்த தாய்மார்களும் இருக்கிறார்கள். பஞ்சப்படி பற்றியோ கூலி உயர்வு பற்றியோ பேசப்போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். அவற்றைப் பற்றிப் பேசச் செயலாளர் பின்னால் வருகிறார். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். நம் பிள்ளைகள் படிக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதே அந்த விஷயம்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: "இது வாத்தியார்கள் பார்க்க வேண்டிய வேலை அல்லவா? நமக்கு ஏன் இது?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தோழரின் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறார். அவருடைய துணைவியார் ஏழு மணிக்குக் களை எடுக்கப் போகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஏழரை மணிக்கே பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் வருவது ஒன்பதுக்கு. மாலையில் பள்ளி விட்டபிறகு ஆறு மணிவரை அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? யாருக்கும் தெரியாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், வாசலில் காத்திருக்க ஆயா இருக்கிறார். நம் பிள்ளைக்கு இருப்பது அந்தப் பூட்டிய கதவும் வேப்ப மரமும்தான். ஆகவே, இது நமக்கு ஏன் என்று கேட்பதைவிட, இது நம்மைத் தவிர வேறு யாருக்கு என்று கேட்பதே சரி.

தோழர்களே, 2004ம் ஆண்டு ஜூலை 16ந் தேதியை இந்த ஜில்லாக்களில் யாரும் மறந்திருக்க முடியாது. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு கட்டிடம். அந்த ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பள்ளிக்கூடங்கள். மாடி வகுப்புகளின் மேலே கீற்றுக் கூரை. இறங்குவதற்குக் குறுகலான ஒரே படிக்கட்டு. கீழே சத்துணவு சமைக்கும் அடுப்பு. முற்பகல் நேரத்தில் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கூரைக்குத் தாவியது. எரிகிற கீற்று பிள்ளைகளின் தலைமேல் விழுந்தது. ஊர் மக்கள் ஓடிவந்து ஜன்னலை உடைத்துப் பிள்ளைகளை எடுத்தார்கள். அப்படியும் 94 குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். எளிய குடும்பத்துப் பிள்ளைகள்.

அதை விபத்து என்று எழுதினார்கள். விதி என்று சிலர் சொன்னார்கள். நாம் அப்படிச் சொல்ல முடியுமா? கீற்றுக் கூரை ஒரே இரவில் முளைத்ததா? ஒரு கட்டிடத்தில் மூன்று பள்ளி நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்ததா? ஓடு போடுவதைவிடக் கீற்றுப் போடுவது மலிவு. இரண்டு படிக்கட்டுக் கட்டுவதைவிட ஒன்று கட்டுவது மலிவு. ஒவ்வொரு பிள்ளையும் கட்டணம் கொண்டுவரும். ஒவ்வொரு பெஞ்சும் செலவு கொண்டுவரும். இந்தக் கணக்கை மில்லில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஷினுக்குக் காப்புத் தகடு போடாமல் விரலை வெட்டக் கொடுக்கிற கணக்கும் இதே கணக்குத்தான். மேற்பார்வை செய்ய வேண்டிய அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்யவில்லை.  கூரை ஒழுங்காக இல்லை.

பிறகு நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். வழக்கு நடந்தது. எத்தனை காலம்? பத்து வருஷம்! 2014ம் ஆண்டு ஜூலை 30ந் தேதிதான் தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேருக்கு விடுதலை. பள்ளியின் நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017ம் ஆண்டு ஹைகோர்ட் அந்த ஆயுள் தண்டனையையும் சிறையில் இருந்த காலமே போதும் என்று குறைத்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் மாண்ட பிள்ளை உயிரோடு இருந்திருந்தால், முதல் தீர்ப்பு வந்த நாளில் பதினாறு வயதைத் தொட்டிருக்கும். அந்தப் பத்து வருஷமும் அந்தத் தாய்மார்கள் கோர்ட்டு வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கொடுமைக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்றுக் கூரைகளை எடுக்கச் சர்க்கார் உத்தரவிட்டது. கும்பகோணத்தை முன்வைத்துத் தொடுத்த ஒரு பொதுநல வழக்கில் 2009ம் ஆண்டு ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது: கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளிக்கூடத்தில் கல்வி பெறும் உரிமை என்று பொருள். ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புச் சாதனம் வேண்டும், ஆசிரியர்களுக்கு அதை இயக்கப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளில் சுவரில் சிவப்பாகத் தொங்குகிற அந்த உருளையை என்றைக்குக் கடைசியாக நிரப்பினார்கள் என்று நாம் யாராவது போய்ப் பார்த்திருக்கிறோமா? அதன் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் தேதி எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த தோழர்கள் நாளைக்கே போய்ப் படித்துவிட்டு வரலாம்.

கூரை போனால் தரை என்று ஆகிவிட்டது. 2012ம் ஆண்டு ஜூலையில் சென்னையில் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, பள்ளிப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். ஓட்டைப் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்று இருந்தது. அதன் பின்தான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2021ம் ஆண்டு டிசம்பர் 17ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். பிள்ளைகள் சாவதும் விதிகள் வருவதும் என்று இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. இனிச் சொல்லப்போவது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

அடி, உதை விஷயத்தைப் பார்ப்போம். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம் அப்பா என்ன சொன்னார்? "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க சார்." நாமும் நம் பிள்ளையைச் சேர்க்கும்போது சிரித்துக்கொண்டே அதையே சொன்னோம். 1995ம் ஆண்டு சேலம் ஜில்லாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில், மற்ற ஜாதிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டாள் என்பதற்காக ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். அந்தக் குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போயிற்று. கண்ணையும் விடவில்லை, தோழர்களே.

2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிற சட்டம், அதன் 17வது பிரிவில் அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும் தடை செய்கிறது. இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு", "உங்க அப்பன் தொழிலுக்குப் போ" என்று சொல்வதும் குற்றம்தான். பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைப்பதும் குற்றம்தான். 2022ம் ஆண்டு ஈரோடு ஜில்லாவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அந்த வேலைக்கு விட்டார்கள் என்ற புகாரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு நியாயமானதே. அதோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். எத்தனை ஆரம்பப் பள்ளிகளில் சர்க்கார் துப்புரவுப் பணியாளரை நியமித்திருக்கிறது? காவலாளி எங்கே இருக்கிறார்? ஆளைப் போடாமல் பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னால், அந்த வேலை யார் தலையில் விழும் என்பது ஜாதி உள்ள நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஆசிரியர் சங்கத் தோழர்களும் வந்திருக்கிறார்கள். அவர்கள் மனம் கோணக்கூடாது. ஆசிரியர் என்றாலே எதிரி என்று நாம் பேசவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேராக நின்று, சொந்தக் காசில் சாக்பீஸ் வாங்கி, பசியோடு வருகிற பிள்ளைக்குத் தம் சாப்பாட்டில் பாதி கொடுக்கிற ஆசிரியைகளை நாம் அறிவோம். வீட்டில் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு டீச்சரிடம்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்களும் நம்மைப்போல் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். தவறு செய்தவரைச் சங்கம் காப்பாற்றாது என்று அவர்களே மேடையேறிச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது ஒரு சுயவிமர்சனம் செய்தாக வேண்டும். கமிட்டியின் சம்மதத்தோடுதான் இதைப் பகிரங்கமாகச் சொல்கிறோம்.

2013ம் ஆண்டு. நம் கிளை வேலை செய்கிற ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். நான்காம் வகுப்புப் படித்த ஒரு பெண் குழந்தை. தாயும் தகப்பனும் விவசாயக் கூலிகள், நம் சங்கத்தில் இருந்தவர்கள். அந்தக் குழந்தை கொஞ்ச நாளாகப் பள்ளிக்குப் போக மறுத்தது. காலையில் வயிற்று வலி என்றது. இரவில் படுக்கையை நனைத்தது. பயந்த கோளாறு என்று சொல்லி மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். அடித்து இழுத்துக்கொண்டு போயும் விட்டார்கள். கடைசியில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது குழந்தை தாயிடம் சொல்லிவிட்டது. அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு இவளை நிறுத்தி வைத்துத் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறார்.

தாய் மறுநாள் களை எடுக்கிற இடத்தில் நம் மாதர் சங்கத் தோழரிடம் அழுதாள். அவர் அன்று இரவே எங்களிடம் வந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? அந்த ஆசிரியர் நம் கிளைக்கு வேண்டியவர். மே தினத்துக்கு நன்கொடை தருவார். எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆட்களுக்கு முதியோர் பென்ஷன் மனு, பட்டா மனு எல்லாம் எழுதிக் கொடுப்பார். ஊரில் நம் கொடியை மதிக்கிற படித்தவர் அவர் ஒருவர்தான். போலீசுக்குப் போனால் மிராசுதார் ஆட்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், கூலிப் போராட்டம் உடைந்துபோகும், குழந்தையின் பேரும் கெட்டுவிடும் என்று மூன்று காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது காரணத்தைத்தான் வெளியில் சொன்னோம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தோம். அவர் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியது, மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டியது. அந்தப் பணத்தை எண்ணித் தகப்பன் கையில் வைத்தது எங்கள் கைதான்.

மாதர் சங்கத் தோழர் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டார்: "ஒரு மரக்கால் கூலி நெல்லு குறைஞ்சா வயல்ல இறங்கி மறிக்கிறீங்களே தோழர், இதைத் திண்ணையில உக்காந்து முடிக்கிறீங்களே?" எங்களிடம் பதில் இல்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஒரு தோழர் அதட்டினார். அவர் வாயை அடைத்தோம்.

அந்த ஆசிரியர் மாறுதல் வாங்கிப் போனார். எங்கே போனார்? இன்னொரு ஊர் ஆரம்பப் பள்ளிக்குத்தான் போனார். அங்கேயும் நம்மைப்போன்ற கூலிக்காரர்களின் பிள்ளைகள்தான் படித்தார்கள். அவர்களிடம் அவரை நாங்களே அனுப்பி வைத்தோம். இதைச் சொல்லும்போது நாக்குக் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. 2019ல் ஒரு பஞ்சாலை வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசை காட்டி, மூன்று வருஷம் மில் விடுதியிலேயே அடைத்து வைத்து வேலை வாங்குகிற அந்த முறையை நீங்கள் அறிவீர்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வேறு வைத்திருந்தார்கள்! வேனிலிருந்து இறங்கிய பெண்களில் அவளும் இருந்தாள். பதினைந்து வயது. எங்களைத் தெரிந்துகொண்டாள். நோட்டீசை வாங்கிக்கொள்ளாமலே உள்ளே போனாள்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? இரக்கம் தேடுவதற்காக அல்ல. நமக்குச் சட்டம் தெரியவில்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டோம். சட்டம் அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. 2012ம் ஆண்டு நவம்பர் 14ந் தேதி நடப்புக்கு வந்த போக்சோ சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாக் குழந்தைகளையும், பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும், பாலியல் கொடுமையிலிருந்து காக்க வந்த சட்டம் அது. ஆண் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டியதைச் சொல்கிறோம். மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அப்படியானால் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்த எங்கள் எல்லோர் மேலும் வழக்குப் போட்டிருக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. பள்ளிக்கூடத்து நிர்வாகியோ ஊழியரோ இந்தக் குற்றத்தைச் செய்தால் தண்டனை சாதாரணமாக உள்ளதைவிடக் கடுமை.

போலீஸ் ஸ்டேஷன் என்றால் நம் தாய்மார்களுக்குப் பயம். அந்தப் பயம் வெறும் பயம் அல்ல, நாம் பட்டு அறிந்த பயம். ஆனால் இந்த வழக்கில் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. குழந்தையின் வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த வேறு இடத்திலோ வந்து வாக்குமூலம் எழுத வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்ட பெண் அதிகாரியோ எழுத வேண்டும். காக்கி உடையில் வரக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பெயரும் படமும் பத்திரிகையில் வரக்கூடாது. ஒரு வருஷத்துக்குள் கூடுமானவரை வழக்கை முடிக்க வேண்டும். இவையெல்லாம் தானாக நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. பக்கத்தில் நாலு பேர் நின்று, "சட்டத்தில் இப்படி இருக்கிறதே அம்மா" என்று கேட்டால் நடக்கும். அந்த நாலு பேராக நிற்பதுதான் சங்கத்தின் வேலை.

பேசி முடிப்பது என்ற விஷயத்துக்குச் சமீபத்தில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் இதேபோல் புகார். குழந்தையின் தகப்பனைச் சமரசப்படுத்தி முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தவறாகப் புரிந்துகொண்டு புகார் கொடுத்தோம் என்று எழுதி வாங்கினார்கள். அதை வைத்து 2022ம் ஆண்டு ஹைகோர்ட் வழக்கையே தள்ளிவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேராத பொதுஜனங்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2024ம் ஆண்டு நவம்பர் 7ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தச் சமரசம் செல்லாது, வழக்கு நடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குழந்தைக்கு இழைத்த கொடுமை இரண்டு வீட்டுக்காரர்களின் சொந்தத் தகராறு அல்ல என்பதுதான் இதன் பொருள். அந்த ஊரில் அப்படிப் போக ஆள் இருந்தார்கள். நம் ஊரில் நாங்கள் இருந்தும் போகவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் உடனே கையை ஓங்காதீர்கள். சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம், கணக்குப் பாடத்துக்குப் பயமாகவும் இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த ஒரு கேள்வியில் பிள்ளையின் வாய் மூடிவிடும். பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டுக் குடையவும் வேண்டாம். சொன்ன வார்த்தையை அப்படியே ஒருவர் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: "அம்மாகிட்ட சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாகிட்டதான் சொல்லணும்." அவர் மாமாவாக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி, சங்கத்துத் தோழராக இருந்தாலும் சரி.

1098 என்று ஒரு போன் நம்பர் இருக்கிறது. குழந்தைகளுக்கு உதவி செய்வதற்கான நம்பர். காசு கிடையாது, இரவு பகல் எப்போதும் பேசலாம். பிள்ளையே பேசலாம். ஒன்று, சைபர், ஒன்பது, எட்டு. வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தாழ்த்தப்பட்ட, நலிந்த பகுதிப் பெற்றோருக்கு அவரவர் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடப்பது என்ன? கூட்டம் வேலை நாளில், வேலை நேரத்தில் வைக்கிறார்கள். கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? மளிகைக் கடைக்காரரும் கான்ட்ராக்டரின் மனைவியும் போகிறார்கள். நம் தாய்மார்களிடம் பிறகு நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கூட்டத்தை ஷிப்டு முடிந்த நேரத்திலோ விடுமுறை நாளிலோ வை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. போகிற தாய்க்கு அன்றைய கூலியைத் தெருவார் வசூலித்துக் கொடுத்தாலும் தப்பில்லை. வேலைநிறுத்த காலத்தில் பிடி அரிசி சேர்த்த தெருக்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

உதவி பெறாத தனியார் நர்சரிகளுக்கு அந்தக் குழுவும் கிடையாது. கடன் வாங்கி அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கிற மில் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். கட்டணம் கட்டுகிறோம் என்பதால் கேள்வி கேட்க முடியும் என்று நினைக்கிறோம். ஆனால் கேட்டால் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டால் அப்படித்தான் நடக்கும்.

கமிட்டி எடுத்த முடிவுகளைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். குழந்தைகள் சம்பந்தமான புகார் எதையும் இனி எந்தக் கிளையும் பேசி முடிக்கக்கூடாது. முடித்தால் அந்தக் கிளைமேல் நடவடிக்கை உண்டு. புகார் வந்தால் மாதர் சங்கத்திலிருந்து இருவர் அன்றே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் சொல்வதே இதில் முடிவு. கிளைச் செயலாளர் குறுக்கே நிற்கக்கூடாது. காலை ஏழரை முதல் ஒன்பது வரையும், மாலை நாலு முதல் ஆறு வரையும் பள்ளி வாசலில் இருக்க, வேலைக்குப் போகாத மூத்த தோழர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவராக வேண்டாம், இரண்டிரண்டு பேராக இருக்கட்டும். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. முறை என்றால் எல்லோருக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிழக்குத் தெருப் பள்ளியின் பின்பக்கச் சுவரைப் பார்க்கப் போகிறோம். மழையில் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லியாகிவிட்டது, அவரும் வருகிறார். தூக்குக் குண்டோடு ஒரு கொத்தனார் தோழர் வேண்டும். ஒன்றியத்துக்குக் கொடுக்கிற மனுவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் எழுத்துக் கூட்டியாவது தாங்களே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேனாவும் வெள்ளைத் தாளும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தூங்கிவிட்டு வந்தால் போதும். சுவரை அளந்து முடிக்க மதியம் ஆகிவிடும்.